மலாக்கா செட்டிகளின் ஆலயமும் நம் பிள்ளைகளின் தமிழும்

ஆலயமும் மொழியும் தமிழர்க்கு இரு கண்கள் என்று மேடைதோறும் கூறுவது நம் வழக்கம். ஒன்றைக் காத்தால் மற்றொன்றும் தானே காக்கப்படும் என்ற நம்பிக்கை அக்கூற்றினுள் அடங்கியிருக்கிறது. கோயில் எழுப்பி, ஆண்டுதோறும் திருவிழா எடுத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை குடமுழுக்கும் கண்டு வந்தால் பிள்ளைகளின் நாவில் தமிழ் தங்கிவிடும் என்று எண்ணுவோர் பலர். இந்நம்பிக்கை சரியானதுதானா என்று ஆராய நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இம்மலேசியத் திருநாட்டில், மலாக்கா மாநகரிலேயே அதற்குரிய வரலாறு கண்முன் நிற்கின்றது.

மலாக்கா சுல்தான்களின் ஆட்சிக் காலத்தில், அதாவது 15 ஆம் நூற்றாண்டில், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் வணிகர்கள் பருவக்காற்றைத் துணைகொண்டு மலாக்காத் துறைமுகத்திற்கு வந்து குழுமினர். துணியைக் கொண்டுவந்து விற்று, வாசனைப் பொருள்களை வாங்கிச் சென்ற அவர்கள், அடுத்த காற்றுக்காகப் பல மாதங்கள் இங்கே காத்திருக்க வேண்டியிருந்தது. துறைமுகத்தில் ஒவ்வொரு வட்டாரத்து வணிகர்க்கும் ஷாபந்தர் எனப்பட்ட தனி அதிகாரி இருந்தார். ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூல் ராஜா மெண்டலியார் என்றொரு பெருஞ்செல்வரைக் குறிப்பிடுகின்றது. முதலியார் என்னும் பட்டத்தின் மலாய் வடிவமே அது என்பதை உணரத் தமிழர்க்கு உரையாசிரியர் துணை வேண்டுவதில்லை. 1511 இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க்கு மலாக்காவைக் கைப்பற்றியபோது, போர்த்துகீசியர் நைனா சத்து என்று எழுதிய தென்னிந்திய வணிகர் ஒருவரையே பெண்டஹாரா என்னும் உயர் பதவியில் அமர்த்தினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மலாக்காவில் தங்கியிருந்த தொமே பீரிஸ் என்பார், நகரின் பெருவணிகம் இவர்கள் கையில் இருந்தமையை விரிவாக எழுதி வைத்துள்ளார்.

இவ்வணிகருள் பலர் மனைவி மக்களை உடன் அழைத்து வரவில்லை. இங்கேயே தங்கியோர் மலாய், ஜாவானிய, பத்தாக் இனப் பெண்களை மணந்து குடும்பம் அமைத்தனர். அக்குடும்பங்களின் வழிவந்தோரே இன்று மலாக்கா செட்டிகள் என்று அறியப்படுகின்றனர். சமயத்தில் அவர்கள் சைவர்கள். ஒல்லாந்தர் ஆட்சியில், 1781 ஆம் ஆண்டில், அச்சமூகத்தின் தலைவராக விளங்கிய தெய்வநாயகம் செட்டி எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் ஜாலான் துக்காங் எமாசில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. நாட்டிலுள்ள மிகத் தொன்மையான இந்து ஆலயங்களுள் ஒன்று அது. காஜா பேராங் பகுதியில் உள்ள செட்டிகளின் குடியிருப்பில் ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தை 1822 இல் நிறுவியவர்களும் அவர்களே.

போர்த்துகீசியரை வென்று ஒல்லாந்தர் 1641 இல் மலாக்காவைக் கைக்கொண்டனர். வணிகம் அவர்களுடைய கும்பினியின் தனியுரிமை ஆயிற்று. கப்பலோட்டிய குடியினர் படிப்படியாக நகரின் புறத்தே காஜா பேராங் பக்கம் சென்று நிலத்தை உழலாயினர். தாயகத்துக்குப் போவதும் குறைந்தது. அங்கிருந்து வருவோரும் குறைந்தனர். இவ்வளவுக்கும் நடுவே திருநீறும் குங்குமமும் அவர்கள் நெற்றியை விட்டு அகலவில்லை. போகியும் பொங்கலும் தவறவில்லை. வாழையிலை விரித்து முன்னோர்க்குப் படையல் இடும் சடங்கைப் ‘பார்ச்சு’ என்ற பெயரில் இன்றளவும் கடைப்பிடித்து வருகின்றனர். பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாட்சி என்னும் பட்டங்களும் பெயரோடு தொடர்கின்றன.

நீங்கியது தமிழ் மொழி ஒன்றே. இவர்கள் வீட்டில் பேசியது, தமிழ்ச் சொற்கள் சில கலந்த ஒரு தனிவகை மலாய் மொழி. மாரியம்மன் திருவிழாவையே ‘டத்தோ சாச்சார்’ என்றுதான் அழைக்கின்றனர். சாச்சார் என்பது மலாயில் அம்மை நோயைக் குறிக்கும் சொல். அம்மை நோய் தீர்க்கும் அன்னையை நம் தாய்மார்கள் எப்பொருளில் வணங்குகின்றனரோ அப்பொருளிலேயே செட்டித் தாய்மார்களும் வணங்குகின்றனர். வணங்கும் மொழிதான் வேறு. பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் அணிந்து தீமிதித் திருவிழாவுக்கு வருவதைக் கண்டு வியக்கும் தமிழர் உண்டு. ஏளனமாகப் பேசுவோரும் உண்டு. ஏளனம் செய்வோர் ஒன்றை மறந்து விடுகின்றனர். ஆட்சி பலமுறை மாறிய ஒரு நகரத்தில், அரசின் ஆதரவோ ஆள்பலமோ இன்றி, ஒரு சிறு சமூகம் ஐந்நூறு ஆண்டுகள் தன் சமயத்தைக் கைவிடாது காத்தது எளிய செயலன்று.

இதில் மற்றொரு விந்தையும் உண்டு. மலாய் மொழியில் கப்பலுக்குக் ‘காப்பால்’, கடைக்குக் ‘கெடை’, முதலுக்கு ‘மோடால்’, பெட்டிக்குப் ‘பெத்தி’, திரைக்குத் ‘திராய்’, மணமக்களுக்கு ‘மெம்பெலாய்’ என்று வழங்கும் சொற்கள் தமிழிலிருந்து சென்றவை. வணிகத்தின் வழியே இத்தனை சொற்களை மலாய் மொழிக்கு ஈந்த கூட்டத்தாரின் வழித்தோன்றல்கள் தங்கள் சொந்த மொழியை இழந்தனர். துறைமுகம் முழுவதும் பயன்படும் பொதுமொழிக்குச் சொற்களைக் கொடுப்பது வேறு, பிள்ளைக்கு மொழியைக் கொடுப்பது வேறு என்பதையே இது காட்டுகின்றது.

செட்டிகளின் வீடுகளில் தமிழ் மறைந்த விதத்தை எவரும் உடனிருந்து எழுதி வைக்கவில்லை. ஆயினும் இரு மொழி வழங்கும் வீட்டில் ஒரு மொழி தேயும் முறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதை மொழியறிஞர்கள் கண்டுள்ளனர். மூத்த பிள்ளை தாய்மொழியை நன்கு பேசித்தான் வளர்கிறது. வெளியே சென்று விளையாடவும் படிக்கவும் தொடங்கியதும் வெளிமொழியை வீட்டுக்குக் கொண்டு வருகிறது. தம்பி தங்கையரிடம் அம்மொழியில் பேசுகிறது. இதனால் ஒரே தாய் வயிற்றில் பிறந்திருந்தும் கடைசிப் பிள்ளையின் தாய்மொழி மூத்ததன் மொழியைக் காட்டிலும் மெலிந்தே காணப்படுகிறது. அடுத்த படி, பெற்றோர் தாய்மொழியில் வினவப் பிள்ளை வேற்று மொழியில் விடையிறுப்பது. புரிந்துகொள்கிறானே, போதாதா என்று பெற்றோர் அமைதி கொள்கின்றனர். அப்பிள்ளை வளர்ந்து தனக்கொரு குழந்தை பிறக்கும்போது, கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும் அறிந்த மொழியில் அக்குழந்தையைத் தாலாட்ட இயலாது. ஆகவே மூன்றாம் தலைமுறையில் கேட்பதற்கும் மொழி இல்லாமற் போகிறது. இதற்கு ஐந்நூறு ஆண்டுகள் தேவையில்லை. அறுபது ஆண்டுகள் போதும்.

தமிழைப் பொறுத்தவரை முதலில் உதிர்பவை உறவுமுறைச் சொற்கள். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் ஆகிய மூவரும் ஓர் ‘அங்கிள்’ ஆகிவிடுகின்றனர். பின்னர் மரியாதைப் பன்மை போகிறது. பாட்டியை நோக்கி ‘நீ வா’ என்று கூறும் பிள்ளையிடம் பணிவுக் குறைவு இருப்பதாகக் கடிந்துகொள்கிறோம். உண்மையில் அப்பிள்ளையிடம் குறைந்திருப்பது மொழியே. இளமையில் கற்றது கல்லின்மேல் எழுத்து என்னும் நம் பழமொழிக்கு ஆராய்ச்சி ஓர் எல்லை வகுக்கிறது. மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்துச் சென்ற எண்மரை, அவர்கள் பெரியவர்களான பின் ஆராய்ந்த அறிஞர்கள் தம் முடிவை 2003 இல் வெளியிட்டனர். தாய்மொழியாகிய கொரிய மொழியை மற்ற அயல்மொழிகளினின்று பிரித்தறியவும் அவர்களால் இயலவில்லை. தொடர்ந்து பயன்படுத்தாவிடில் கல்லின்மேல் எழுத்தும் அழிகிறது.

மலாக்காவில் மறைந்த தமிழ், 20 ஆம் நூற்றாண்டில் தோட்டப்புறங்களில் எவ்வாறு நிலைத்தது? அங்கும் எளிய மக்களே வாழ்ந்தனர். செல்வமும் செல்வாக்கும் செட்டி வணிகரிடம் இருந்ததில் நூறில் ஒரு பங்கும் இல்லை. வேறுபாடுகள் சில இருந்தன. கங்காணி முறையில் வந்தோர் நாளடைவில் குடும்பத்தோடு வந்தனர். ஆதலால் தாயும் தமிழ் பேசினார். வீட்டு முன்றிலில் விளையாடிய பிள்ளைகளும் தமிழ் பேசினர். 1938 இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையைத் தடை செய்த பிறகு புதியவர் வரவு பெரிதும் நின்றது. அப்போதும் லயங்களில் தமிழ் குன்றவில்லை. பள்ளிக்கூடம் ஒன்று அங்கே இருந்ததே காரணம்.

பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் 1816 இல் தொடங்கிய வகுப்பே இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பாகக் கொள்ளப்படுகிறது. அதன் 200 ஆம் ஆண்டு நிறைவை 2016 இல் கொண்டாடினோம். ஆயினும் தமிழ்ப்பள்ளிகள் பெருகியது, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912 ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்த பின்னரே. துரைமார்கள் மனமுவந்து செய்த அறச்செயலாக இதைக் கொள்வதற்கில்லை. தொழிலாளர் குடும்பம் வேறிடம் செல்லாமல் தங்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். பிள்ளை மடுவங்களிலும் கோயில் மண்டபங்களிலும் பள்ளிகள் நடந்தன. கங்காணியும் கிராணியும் ஆசிரியர் ஆயினர். கல்வித்தரம் தாழ்ந்துதான் இருந்தது. எனினும் ஐம்பது பிள்ளைகள் ஒன்றுகூடி, தமிழில் சண்டையிட்டு, தமிழில் சமாதானமாகும் ஓர் இடம் கிட்டியது. 1957 இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், பிறகு நகரங்களாக மாறியும் வந்த காலத்தில் அவற்றுள் பல மூடப்பட்டன. சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டன. இன்று ஏறத்தாழ 530 பள்ளிகள் உள்ளன.

தோட்டப்பள்ளியின் ஆற்றலை அறியத் தெலுங்கு, மலையாளக் குடும்பங்களின் நிலையையும் நோக்க வேண்டும். அக்குடும்பங்களில் தாய் தெலுங்கே பேசினார், மலையாளமே பேசினார். பிள்ளைகள் சென்றது தமிழ்ப்பள்ளிக்கு. விளையாடியது தமிழ்ப் பிள்ளைகளோடு. இரண்டு தலைமுறைகளுக்குள் அவ்வீடுகள் பலவற்றில் தமிழே வீட்டுமொழி ஆயிற்று. தமிழர்க்கு இதில் மகிழ்ச்சி தோன்றலாம். அத்தாய்மார்களின் பக்கம் நின்று பார்த்தால் செட்டி வீட்டில் நிகழ்ந்த இழப்பே அங்கும் நிகழ்ந்தது. தாயின் மொழிக்கும் தோழரின் மொழிக்கும் போட்டி எழும்போது பெரும்பாலும் தோழரின் மொழியே வெல்கிறது.

ஆகவே தமிழ்ப்பள்ளி இருக்கும்வரை அச்சமில்லை என்று கூற இயலுமா? தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பன்னிரண்டு வயதில் பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறான். முன்னாளில் பெரும்பாலோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர்ந்து தேசிய மொழியில் தேர்ச்சி பெற்ற பின்னரே முதலாம் படிவம் ஏறினர். கணிதமும் அறிவியலும் வரலாறும் அதுவரை தமிழில் கற்ற பிள்ளை, அதற்குப்பின் தமிழைத் தனிப்பாடமாக மட்டுமே காண்கிறான். அதுவும் வகுப்பு நடந்தால். தாய்மொழி வகுப்பு பல பள்ளிகளில் பாடவேளைக்கு வெளியே வைக்கப்படுவதால், பேருந்தைத் தவறவிட்டு அமர வேண்டிய வகுப்பாக அது தோன்றிவிடுகிறது. எஸ்.பி.எம். தேர்வில் எடுக்கத்தக்க பாடங்கள் பத்துக்குள் அடங்க வேண்டும் என்ற முடிவு 2009 இல் வந்தபோது சமூகம் குரல் கொடுத்தது; மேலும் இரு பாடங்கள் எழுத வழி பிறந்தது. தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் அதனால் பிழைத்தன. தேர்வுத்தாள் பிழைத்தது நன்றே. ஆனால் பதின்மூன்று வயது முதல் பதினேழு வயது வரை பிள்ளை தோழனோடு எம்மொழியில் உரையாடுகிறான் என்பதைத் தேர்வுத்தாள் தீர்மானிப்பதில்லை. குழந்தைத் தமிழைப் பெரியவர் தமிழாக மாற்றிக்கொள்ள வேண்டிய ஆண்டுகள் அவை. அவ்வாண்டுகளில் தமிழ் பயிலாதவன் முப்பது வயதிலும் பன்னிரண்டு வயதுத் தமிழையே பேசுவான். பேசக் கூச்சப்பட்டு மௌனம் காப்பான்.

அப்பருவத்தினர்க்கு ஓர் இடம் அமைத்துக் கொடுத்த முன்னோர் நமக்கு உண்டு. 1935 இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ நாளிதழைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள், 1950-களில் மாணவர் மணிமன்றத்தை வளர்த்தார். மலாயாவின் மூலைமுடுக்குகளில் இருந்தெல்லாம் மாணவர்கள் அதற்கு எழுதினர். ஒருவர் எழுத்தை மற்றொருவர் படித்தார். வெட்டியும் ஒட்டியும் அடுத்த வாரம் எழுதினார். பிற்காலத்தில் இந்நாட்டுத் தமிழ் எழுத்துலகில் பெயர்பெற்ற பலர் அப்பக்கங்களில் எழுதிப் பழகியவர்களே. ஆசிரியர்க்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் எழுதாமல், தம் வயதினர்க்காக எழுதியமையே அம்மன்றத்தின் சிறப்பு. சிங்கப்பூரிலோ தமிழ்வழிக் கல்வியின் கடைசிப் பள்ளியாகிய உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982 இல் மூடப்பட்டது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளிகளில் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. அத்தனை வாய்ப்பிருந்தும், வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 3.3 ஆக இருந்து, 2020 இல் 2.5 ஆகக் குறைந்தனர்.

இனி ஆலயத்துக்கு வருவோம். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் ஆலயங்கள் பல. வெள்ளிக்கிழமைகளில் தேவார வகுப்பு நடக்கும் ஆலயங்களும் பல. பாராட்டுக்குரிய பணி இது. ஆயினும் அவ்வகுப்புகளில் சில பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் தாளை உற்று நோக்கினால், தேவாரம் ரூமி எழுத்தில் இருப்பதைக் காணலாம். பண் பிசகாமல் பாடும் அப்பிள்ளைகளின் பக்தியில் எக்குறையும் இல்லை. பாடி முடித்துப் படியிறங்கியதும் காலணி எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது எம்மொழியில் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். செட்டிகளின் ஆலயத்திலும் அருச்சனை நின்றதில்லை, தீபாராதனை நின்றதில்லை. வழிபாட்டுக்குத் தேவையான அளவு மொழி எஞ்சியிருந்தால் வழிபாடு நடந்துகொண்டே இருக்கும்.

இன்று கம்போங் செட்டியில் இளையோரிடம் அந்தச் செட்டி மலாயும் தேய்ந்து வருகிறது. பள்ளியில் கற்ற மலாயும் ஆங்கிலமும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தமிழை இழந்து பெற்ற மொழியையும் காக்க, அச்சமூகத்துப் பெரியோர் இப்போது கவலை கொண்டுள்ளனர்.

ஆலய நிர்வாகங்கள் பெரும்பொருள் செலவழித்து ஆற்ற வேண்டிய பணி ஒன்றும் இங்கே இல்லை. திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல், அன்னதானம், காலணிக் காப்பு, அறிவிப்பு ஆகிய பணிகளைப் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ளோரிடம் ஒப்படைத்து, அவர்களுக்குள் தமிழே பணிமொழி என்று வைக்கலாம். ஒலிபெருக்கியில் பிழையாகப் பேசும் பிள்ளையைக் கூட்டத்தின் நடுவே திருத்தாதிருப்பதும் ஒரு தொண்டே. ஒரு முறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை மறுமுறை அவ்வொலிபெருக்கியைத் தொடமாட்டான். மலரில் தலைவர்களின் வாழ்த்துரைகள் இடம்பெறும் பக்கங்களில் இரண்டை மாணவர்க்கு ஒதுக்கலாம். வாழ்த்துரைகளை எல்லோரும் படிக்கிறார்கள் என்று எவரும் உறுதி கூறியதில்லை.

மற்றொன்றும் உண்டு. 1996 ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் வேண்டினால், நடைமுறைக்கு இயன்ற இடத்தில் தமிழ் வகுப்பு நடத்தப்பட வேண்டும். வேண்டுகோள் வந்தால்தான் வகுப்பு. ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பதினைந்து பெற்றோர் பள்ளி வாயிலில் ஒருவரையொருவர் அறிந்திருப்பது அரிது. வெள்ளிக்கிழமை மாலைப் பூசையிலோ அவர்கள் அருகருகே நிற்கின்றனர். அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசையில் இன்னொரு பதிவேட்டை வைத்து, பிள்ளை படிக்கும் பள்ளி எது, படிவம் எது, தமிழ் வகுப்பு உண்டா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டால், பள்ளி ஆண்டு தொடங்கும் முன்னரே எந்தப் பள்ளிக்கு இன்னும் எத்தனை பெயர் தேவை என்பது தெரிந்துவிடும்.